அண்ணன் ஏன் ஆட்களைக் கண்டால் ஒதுங்குகிறார்?

கேள்வி: என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடுவதால் காதில் குரல் கேட்பதும் பிறர் மீதான சந்தேகமும் நின்றுவிட்டன. ஆனால், வீட்டுக்கு யாராவது வந்தால் அறைக்குள் போய்விடுகிறார். நண்பர்கள் அழைத்தாலும் கைபேசியை எடுப்பதில்லை. அப்பா இதைச் சோம்பேறித்தனம் என்கிறார். இதற்கும் மூளைதான் காரணமா? மாத்திரையின் அளவைக் கூட்டினால் சரியாகுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சோம்பேறித்தனம் அன்று, இதை அப்பாவிடம் தயங்காமல் சொல்லுங்கள். குரல் கேட்பதும் சந்தேகமும் இந்நோயின் ஒரு பக்கம் என்றால், ஆர்வம் குன்றுவதும் பேச்சு குறைவதும் மனிதர்களை விட்டு ஒதுங்குவதும் இன்னொரு பக்கம். பலரிடம் இந்த ஒதுக்கம், குரல்கள் கேட்கத் தொடங்குவதற்கு வெகு முன்பே தலைகாட்டிவிடுகிறது.

நண்பர் ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய புருவத்தின் அசைவு, குரலின் ஏற்ற இறக்கம், சொல்லுக்குப் பின்னாலுள்ள எண்ணம் ஆகியவற்றை நம் மூளை, நாம் அறியாமலேயே நொடிப்பொழுதில் கணித்துவிடுகிறது. மனச்சிதைவு நோயில், இந்தக் கணிப்புக்கு உதவும் முன்மூளைப் பகுதிகளும் அமிக்டாலா என்னும் உணர்ச்சி மையமும் அவற்றுக்கிடையேயான இணைப்புகளும் சீராக இயங்காததால், எந்த உணர்ச்சியும் காட்டாத முகம்கூடக் கோபமான முகமாகத் தோன்றக்கூடும். அதோடு, ‘பேசினால் நன்றாக இருக்கும்’ என்ற எதிர்பார்ப்பை எழுப்பும் மூளைப்பகுதியின் இயக்கமும் மந்தமாகிறது. பேச உட்கார்ந்துவிட்டால் உங்கள் அண்ணன் சிரிக்கவும் கூடும். போய் உட்காரும் உந்துதல்தான் எழுவதில்லை.

ஒதுங்குபவர்கள் எல்லோருக்கும் காரணம் ஒன்றே அன்று. சமூகப் பதற்ற நோயில் பழகும் ஆசை இருக்கும், அச்சம் தடுக்கும். ஆனாலும், வெவ்வேறு நோய்களுக்குப் பொதுவான மூளைத் தொடர்பும் இருக்கக்கூடும். 2016-இல் ஐரோப்பாவில் தொடங்கிய ‘பிரிசம்’ என்ற ஆய்வுத் திட்டம், மனச்சிதைவு, அல்சைமர் என்னும் மறதி நோய் ஆகிய இரண்டிலும், மூளை ஓய்வாக இருக்கும்போது சேர்ந்தியங்கும் பகுதிகளின் இணைப்பு தளர்ந்திருப்பதற்கும் சமூகச் சிக்கல்களுக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டது.

மாத்திரையைக் கூட்டுவது இதற்குத் தீர்வாகாது. டோபமைன் என்னும் மூளை வேதிப்பொருளைக் கட்டுப்படுத்தும் அம்மருந்துகள் குரல்களை அடக்கும் அளவுக்கு ஒதுக்கத்தைக் குறைப்பதில்லை. அளவு மிகுந்தால் தூக்கமும் மந்தமும் சேர்ந்து நிலைமையை மோசமாக்கலாம். இப்போதைய ஒதுக்கத்தில் மருந்தின் பக்கவிளைவுக்கோ, உடன் வந்த மனச்சோர்வுக்கோ பங்கு உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக எதையும் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். ‘பாச ஹார்மோன்’ என்று விளம்பரப்படுத்தப்படும் ஆக்சிடோசினையும் நம்பி வாங்காதீர்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் நடந்து 2021-இல் வெளியான பெரிய ஆய்வில், அது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்கப்பட்ட, மருந்தே இல்லாத போலி மருந்தைவிடக் கூடுதல் பலன் தரவில்லை.

பலன் தருவது பயிற்சி. முகபாவனைகளைப் படிக்கவும் உரையாடலைத் தொடங்கவும் கற்றுத்தரும் சமூகத்திறன் பயிற்சியை மனநல மருத்துவரின் வழியாகப் பெறலாம். வீட்டில், அண்ணனுக்குப் பிடித்த ஒருவரை மட்டும், அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பத்து நிமிடம் வரச் சொல்லுங்கள். நடுவில் அண்ணன் எழுந்து போனால் தடுக்கக் கூடாது என்பதை வருபவரிடமும், முக்கியமாக அப்பாவிடமும், முதலிலேயே சொல்லிவையுங்கள்.