உச்சுக்கொட்டினால் பாராட்டா, பரிதாபமா?

கேள்வி: இந்த மார்கழியில் சென்னை சபா ஒன்றில் முதன்முதலாகப் பாடினேன். பகல் பன்னிரண்டரை மணிக் கச்சேரி. முன்வரிசையில் ஒரு பெரியவர் கடைசிவரை உச்சுக்கொட்டிக்கொண்டே இருந்தார். மிருதங்கக்காரர் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. மறுவாரம் ஒரு பத்திரிகையில், 'குரல் வளம் உண்டு, இன்னும் சாதகம் தேவை' என்று விமர்சனம். இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொள்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்த உச்சு. சபா வாசலுக்கு வெளியே உச்சுக்கொட்டினால் 'ஐயோ பாவம்' என்று அர்த்தம். துக்க வீட்டில் கொட்டுவார்கள். பஸ்ஸைக் கோட்டைவிட்டவன் கொட்டுவான். மார்க் ஷீட்டைப் பார்த்த அப்பா கொட்டுவார். உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் அதே நாக்கு, அதே சத்தம், 'அடடா, என்ன பிடி!' ஆகிவிடுகிறது. வித்தியாசம் தலையில் இருக்கிறது. பக்கவாட்டில் ஆடினால் பாராட்டு; தொங்கினால் அனுதாபம். மேடை வெளிச்சத்தில் தலை எங்கே தெரிகிறது? சத்தம் மட்டும்தான் வந்து சேரும்.

பல வருஷம் முன்பு ஒரு கச்சேரியில் எனக்குப் பக்கத்து சீட்டுக்காரர் சங்கதிக்கு சங்கதி உச்சுக்கொட்டினார். பெரிய ஞானஸ்தர் போலிருக்கிறது என்று பயந்து, தொடையில் போட்டுக்கொண்டிருந்த தாளத்தை நிறுத்திவிட்டேன். முடிந்ததும் பவ்யமாக விசாரித்தேன். கடைவாய்ப் பல்லில் பாக்கு மாட்டிக்கொண்டிருந்ததாம்.

'சபாஷ்' இருக்கிறதே, அது பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே அதற்கு 'சந்தோஷமாக இரு' என்று பொருள். வாழ்த்தாகப் புறப்பட்ட சொல் இங்கே வந்து சர்டிபிகேட் ஆகிவிட்டது.

அடுத்து, எழுந்து போனவர்கள். டிசம்பர் தவறாமல் இந்தப் பக்கத்தில் இதை எழுதி கேன்டீன்காரர்களின் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். இந்த வருஷமும் ஆகட்டும். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் வாசித்த காலத்தில் தனிக்காகவே வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. இப்போது தனி என்றால் கை கழுவும் நேரம். அதுவும் பகல் கச்சேரியில் மெயின் உருப்படியின் பாட்டு முடியும்போது மணி ஒன்றே முக்கால், பக்கத்துக் கொட்டகையில் இலை போட்டாயிற்று. யார் உட்காருவார்? ஆனால் ஒன்று, அங்கிருந்தபடியே, தனி முடியப்போகிறது என்று சொல்லும் மோரா விழுவதைக் காதில் வாங்கி, மிச்ச காபியை ஒரே மடக்கில் முடித்து, கடைசிக் கோர்வை முடிகிற இடத்தில் கைதட்டச் சரியாக வந்து சேர்கிறார்களே, அந்த லய ஞானத்துக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம்.

தவிர, அம்மா, அவர்கள் எழுந்து போனது உங்கள் பாட்டுக்கு இல்லை. அவமானப்பட்டவர் மிருதங்கக்காரர். அவர் எனக்குக் கடிதம் எழுதவில்லை.

விமர்சனத்துக்கு வருகிறேன். 'குரல் வளம் உண்டு, இன்னும் சாதகம் தேவை.' இதைப் பத்து வயசுக் குழந்தைக்கும் போடலாம், எண்பது வயசு வித்வானுக்கும் போடலாம். ராசிபலன். இதே ஜாதிதான் 'வயலின் நிழலெனத் தொடர்ந்தது' என்பதும். நம் பத்திரிகையிலேயே ஒருவர் அப்படி எழுதினார். அச்சாகி வந்த பிறகு தெரிந்தது: அழைப்பிதழில் பேர் இருந்த வயலின்காரர் அன்று காய்ச்சல் என்று வரவே இல்லை, வாசித்தவர் வேறு ஆள். 'நிழல் சரிதான் சார், ஆளைத்தான் காணோம்' என்றேன். அன்றைக்குப் பேச்சை விட்டவர்தான். இப்போது வேறு இடத்தில் எழுதுகிறார். உங்களுக்கு எழுதியதும் அவராக இருக்குமோ என்று நடையைப் பார்த்தால் சந்தேகம் வருகிறது.

கல்கி விகடனில் 'ஆடல் பாடல்' பகுதி எழுதியபோது 'கர்நாடகம்' என்று பேர் வைத்துக்கொண்டார். சங்கீதத்துக்கும் அதே பேர், பழைய பஞ்சாங்கத்துக்கும் அதே பேர். குறும்பு அந்தக் கையெழுத்திலேயே தொடங்கிவிடும். அவர் சிரிக்க வைத்துவிட்டுக் குட்டுவார்; பின்னால் வந்த விமர்சகர் சுப்புடு குட்டிவிட்டுச் சிரிக்க வைப்பார். இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலிருந்து நடந்தே வந்த மனுஷர், மேடையில் ஜரிகை அங்கவஸ்திரத்தைப் பார்த்தா பயப்படப் போகிறார்? இவர்களிடம் அடிபட்டவர்கள் கோபித்துக்கொண்டார்கள், சண்டைக்குப் போனார்கள், எல்லாம் உண்டு. ஆனால் எந்த இடத்தில் அடி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 'சரணம் இரண்டாவது வரியில் மேல் ஷட்ஜம் இறங்கி நின்றது' என்று ஒருத்தர் சொன்னால் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுங்கள். மற்றவர்களுக்கு ஒரு கும்பிடு போதும்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். கொட்டினவர் இருக்கிறார், போனவர்கள் இருக்கிறார்கள், எழுதினவர் இருக்கிறார். மெயின் என்ன ராகம் என்று ஒரு வார்த்தை இல்லை. தோடியா? அதன் காந்தார ஸ்வரம் நீங்கள் நினைத்தபடி நின்றதா? அதை எழுதுங்கள், பேசலாம். அப்படியே, அங்கே இந்த வருஷம் கேன்டீன் யார் என்றும் ஒரு வரி.