கண்ணில் புரை, மூளையில் புரதம்

கேள்வி: பேரன் பிறந்து ஒரு மாதம் ஆகிறது. வலது கண்ணில் வெள்ளையாகப் புரை இருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்யணும் என்கிறார் டாக்டர். இன்னொரு கண்தான் நன்றாக இருக்கிறதே, ஒரு வயது ஆகட்டும் என்கிறார்கள் வீட்டில். கண் பார்க்கப் பார்க்கத்தான் குழந்தை மூளையில் புரதம் மாறும் என்று எங்கோ படித்தேன். மருமகளுக்கு முட்டை, கறி கூடுதலாகக் கொடுத்தால் பாலில் இறங்கி அதை ஈடுகட்டாதா?
- ஓர் அப்பத்தா, தேவகோட்டை

பதில்: ஈடுகட்டாது அப்பத்தா. மருமகளுக்கு நன்றாகச் சாப்பாடு போடுங்கள், அது வேறு விஷயம். நீங்கள் படித்த புரதத்தை நரம்பு செல் தனக்குள்ளேயே செய்துகொள்கிறது. எதை, எப்போது கூட்டணும் குறைக்கணும் என்பதில் கண்ணிலிருந்து வரும் தூண்டுதலுக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டு நரம்பு செல்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் என்எம்டிஏ ஏற்பி என்று ஒரு புரதக் கூட்டு இருக்கிறது. பிறந்த புதிதில் அந்தக் கூட்டில் 2பி என்ற வகைப் புரதம் அதிகம், பார்த்துப் பழகப் பழக 2ஏ என்ற வகை ஏறும். இருட்டிலேயே வளர்த்த எலிக்குட்டிகளுக்கு இந்த மாற்றம் தள்ளிப்போனது, ஆனால் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த சில மணி நேரத்துக்குள்ளேயே 2ஏ கூடியதை 1999-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அப்போ எப்போது வெளிச்சம் காட்டினாலும் சரியாகிவிடுமே என்று கேட்பீர்கள். அந்த எலிகளுக்கு இரண்டு கண்ணுக்கும் ஒரே இருட்டு. உங்கள் பேரனுக்கு ஒரு கண் தெரிகிறது, சிக்கலே அங்கேதான். ஹூபெல், வீசெல் என்ற இரு மூளை விஞ்ஞானிகள் 1960-களில் பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மட்டும் சில வாரங்கள் மூடிவைத்துத் திறந்தார்கள். கண்ணில் பழுதில்லை, ஆனால் மூளையில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் அநேகமாக இல்லாமல் போயிருந்தன. பூட்டிக் கிடக்கும் அறையில் அடுத்த பங்காளி சாமானை ஏற்றிவிடுவது உங்கள் ஊருக்குத் தெரியாததா, அதேபோல் திறந்திருந்த கண் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வளர்ந்த பூனைக்கு இப்படி ஆகவில்லை. இருவருக்கும் 1981-ல் நோபல் கிடைத்தது.

வீட்டில் ஐயா மாதிரி வயதானவர்களுக்கு வரும் புரையை நினைத்துச் சொல்லியிருப்பார்கள். ஐயாவின் மூளை பார்க்கப் படித்து முடித்த மூளை, அவர் கொஞ்சம் பொறுக்கலாம். பிறவியிலேயே ஒரு கண்ணில் அடர்த்தியான புரை என்றால் ஆறு வாரத்தை ஒட்டி எடுத்துவிடுவது நல்லது என்பதுதான் மருத்துவர்களின் பொதுவான கணக்கு. தாமதமாகச் செய்தால் பலனே இல்லை என்றும் இல்லை, பார்வையில்லாத பிள்ளைகளுக்குச் சிகிச்சை தரும், பவன் சின்ஹா என்ற விஞ்ஞானியின் பிரகாஷ் திட்டத்தில் பெரிய பிள்ளைகளுக்குக்கூட ஓரளவு பார்வை வந்திருக்கிறது. அதை நம்பிக் கையிலிருக்கும் நாளை விடாதீர்கள், இந்த வாரமே மதுரைக்கோ திருச்சிக்கோ குழந்தைகளுக்குக் கண் ஆபரேஷன் செய்யும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள்.

ஆபரேஷனோடு முடியாது, லென்ஸோ கண்ணாடியோ போடணும், அப்புறம் நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் ஒட்டுப் போட்டு மூடிவைக்கணும். பல வீடுகளில் விட்டுவிடுவது இதைத்தான். எவ்வளவு நேரம் என்று டாக்டர் சொல்வார்; பிள்ளை அழுகிறான் என்று நீங்களே பிய்த்துவிடாதீர்கள், அப்பத்தா.