கடைசி விசிலுக்கு அப்புறம்

பள்ளிகளுக்கு இடையிலான குறுமையப் போட்டிகள் தொடங்கினால் போதும், கால்பந்து ஆடும் பிள்ளைகளின் வீட்டிலிருந்து வரும் கடிதங்களும் கூடிவிடும். இந்த முறை வந்த கேள்விகளுக்குப் பள்ளி அணிகளைப் பழக்கும் பயிற்சியாளர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் பதில் சொல்கிறார்கள்.

பையன் பத்தாவது படிக்கிறானுங்க. செமி ஃபைனலில் தோத்துட்டு வந்து ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டான். சோறும் வேண்டாங்கறான், பேச்சும் இல்லை. என்னதான் சொல்லித் தேத்தறதுங்க?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

முதலில் வயிற்றைப் பாருங்கள், மனதை அப்புறம் பார்க்கலாம். வெயிலில் ஒரு மணி நேரம் ஓடி வந்தவனுக்கு உடனே பசிக்காது. ஓட்டத்தின்போது ரத்தம் குடலை விட்டுக் கால் தசைக்குப் போயிருக்கும், பதற்றமும் இன்னும் இறங்கியிருக்காது. அவன் சாப்பிடாததில் பாதி சோகம், பாதி உடம்பு. தட்டை நீட்டாமல் குடிக்கக் கொடுங்கள். உப்புப் போட்ட நீர்மோர் போதும். இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய டீஸ்பூனால் 6 சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒரே மூச்சில் குடிக்க விடாதீர்கள், குமட்டும். ஒரு மணி நேரம் கழித்துச் சூடாக அரிசிம்பருப்புச் சாதமும் தயிரும் வைத்தால் பெரும்பாலும் தட்டு காலியாகிவிடும்.

பேச்சில் இரண்டு தவறு அடிக்கடி நடக்கிறது. “விடு கண்ணு, வெறும் விளையாட்டுத்தானே” என்பது ஒன்று. நம் பள்ளிப் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட். ஒரு ஆட்டம் போனால் அந்த வருஷமே போச்சு. வயது வரம்பைத் தாண்டப் போகிற பையனுக்கு அந்தப் பிரிவில் அடுத்த வருஷமும் கிடையாது. அவனுக்கு அது வெறும் விளையாட்டாக இருக்க முடியாது. “ரெஃப்ரி ஏமாத்திட்டான்” என்று ஆறுதல் சொல்வது இரண்டாவது தவறு. அன்றைக்கு இனிக்கும். அடுத்த ஆட்டத்தில் ஒவ்வொரு விசிலுக்கும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான், எதிரணி அதற்குள் பந்தைக் கொண்டுபோயிருக்கும்.

பைக்கில் கூட்டி வரும்போது ஆட்டத்தை அலசவே வேண்டாம். பல அப்பாக்கள் சறுக்குவது அங்கேதான். பின்சீட்டில் இருப்பவனால் எழுந்து போகவும் முடியாது. “நீ ஆடினது பாக்க நல்லா இருந்துச்சு” என்று ஒரு வரி போதும், அதுவும் உண்மையாக இருந்தால். தூங்கி எழுந்த பிறகு மறுநாள் மூன்று விஷயங்களை அவனையே நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: எது சரியாக வந்தது, எந்த இடத்தில் பந்தை இழந்தோம், இந்த வாரம் எதைப் பழகுவது. மூன்றாவதற்கு “நல்லா ஆடணும்” என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். “இடது காலில் தினம் 30 பாஸ்” என்கிற அளவுக்கு இருக்க வேண்டும்.

இரண்டு மூன்று நாள் முகம் வாடியிருப்பது இயல்பு. இரண்டு வாரம் ஆகியும் தூக்கம், சாப்பாடு, பள்ளி, கூட்டாளிகள் எல்லாமே கெட்டிருந்தால் அது தோல்வியோடு நிற்கவில்லை என்று அர்த்தம். 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

பெனால்டி ஷூட்-அவுட்டில் கடைசிப் பந்தை நான்தான் வெளியே அடிச்சேன். இப்ப க்ளாஸ்ல எல்லோரும் அதைச் சொல்லியே கூப்பிடறாங்க.
– மாணவர், பொள்ளாச்சி

1994 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இத்தாலியின் ராபர்ட்டோ பாஜியோ அடித்த கடைசி பெனால்டி கம்பத்துக்கு மேலே போனது, பிரேசில் கோப்பையை வாங்கியது. இத்தாலியை அந்த ஆட்டம் வரை கொண்டுவந்ததே அவர் அடித்த கோல்கள்தான். அன்றைக்கு அவருக்கு முன்பே இரண்டு இத்தாலியர்கள் தவறவிட்டிருந்தார்கள், அது பலருக்கு நினைவில் இல்லை. கடைசியாக அடித்தவன்தான் கண்ணில் நிற்பான், கணக்கு அப்படி இல்லை.

இனி பழக வேண்டியது. கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம், பந்து 11 மீட்டரில். பயிற்சியின் ஆரம்பத்தில் தெம்பாக இருக்கும்போது இருபது பெனால்டி அடிப்பதில் பெரிய பயன் இல்லை. எல்லாம் முடிந்து கால் தளர்ந்த பிறகு, நடுவட்டத்திலிருந்து தனியாக நடந்து வந்து ஒன்றே ஒன்று அடி. அதுதான் நிஜ ஆட்டத்துக்குக் கிட்டத்தில் வரும். பந்தை வைப்பதற்கு முன்பே பக்கத்தை முடிவு செய்துகொள். கீப்பர் அசைவதைப் பார்த்து ஓட்டத்தின் நடுவில் மனம் மாறினால் உடம்பு பின்னால் சாயும், பந்து மேலே ஏறும். விசில் ஊதியதும் பாயாதே, ஒரு மூச்சு விட்டுவிட்டு ஓடு.

உன் கேப்டனுக்கும் ஒன்று: தவறவிட்டவன் நடுவட்டத்துக்குத் தனியாகத் திரும்பி வரக் கூடாது, நாலு அடி எதிரே போய்க் கூட்டி வரணும்.

எங்கள் அணி 6-0 என ஜெயித்தது. பையன்கள் தோற்ற அணி முன்னால் போய் ஆடிக் கேலி செய்தார்கள். மதியம் ஃபைனலில் அவர்களுக்கே கால் வரவில்லை. எப்படிக் கட்டுப்படுத்துவது?
– உடற்கல்வி ஆசிரியர், தாராபுரம்

ஆடியதற்கும் கால் வராததற்கும் தொடர்பு உண்டு சார். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைக்கும்போது, ஜெயித்த அணி நடுவில் ஒரு மணி நேரம் வெயிலில் கத்திக் குதித்தே பாதித் தெம்பை விட்டுவிடுகிறது. போதாததற்கு யாராவது புரோட்டா வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்.

கொண்டாட்டம் பத்து நிமிஷம். பிறகு வேப்பமரமோ பந்தலோ, நிழலுக்குப் போய் ஷூவைத் தளர்த்தி உட்கார வேண்டும். தண்ணீர், இரண்டு வாழைப்பழம் அல்லது இரண்டு மூன்று இட்லி. படுத்துத் தூங்க விட வேண்டாம். அடுத்த ஆட்டத்துக்கு 20 நிமிஷம் முன்னால் மறுபடி வார்ம்-அப். செமியில் ஜெயித்த சந்தோஷம் இறங்கிச் சோர்வு தெரிகிற நேரம் அது, மெதுவாகத்தான் தொடங்க வேண்டும்.

கேலிக்கு மருந்து விசில் ஊதிய பிறகு சொல்லும் புத்திமதி அல்ல, முன்கூட்டியே பழக்கிய வரிசை. முதலில் எதிரணிக்குக் கை, பிறகு நடுவர்களுக்கு, பிறகு எதிரணிப் பயிற்சியாளருக்கு, அதற்கப்புறம்தான் சொந்த வட்டம். பயிற்சி ஆட்டங்களிலேயே இதைச் செய்யாமல் யாரும் பை எடுக்கக் கூடாது. கோல் அடித்துச் சட்டையைக் கழற்றினால் மஞ்சள் அட்டை என்பதையும் ஞாபகப்படுத்துங்கள். ஏற்கெனவே ஒன்று வாங்கியவன் அந்தச் சந்தோஷத்திலேயே வெளியே போய்விடுவான்.

ஆட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்த பிறகு வேண்டுமென்றே கோலை விடுவதும் ஒரு வகை அவமானம்தான், எதிரணிக்கு அது புரியும். உட்கார்ந்திருப்பவர்களை இறக்குங்கள், இரண்டே தொடுதலில் பாஸ் என்று கட்டுப்பாடு வையுங்கள். 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனி 29 நிமிஷத்துக்குள் பிரேசிலுக்கு எதிராக 5 கோல் போட்டது, கடைசியில் 7-1. இடைவேளையில், கவனம் சிதறக் கூடாது, அவர்களை அவமானப்படுத்தவும் கூடாது என்று பேசிக்கொண்டதாக ஜெர்மனி வீரர் மட்ஸ் ஹூம்மல்ஸ் பிறகு சொன்னார். ஃபைனலிலும் அவர்கள்தான் ஜெயித்தார்கள்.

மகள் அணி இரண்டாம் இடம். அந்தக் கோப்பையை வீட்டில் வைக்கவே விடமாட்டேங்கறா. மூணாவது வந்த பிள்ளைக சந்தோஷமாப் போறாங்க, இவ அழறா!
– ஒரு தந்தை, திருப்பூர்

நீங்கள் பார்த்தது சரிதான். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் வீரர்களின் முகங்களை வைத்து அமெரிக்க உளவியலாளர்கள் செய்த ஆய்வு 1995-இல் வந்தது. வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்களே மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். வெள்ளிக்காரர் நினைப்பது தவறிப்போன தங்கத்தை, வெண்கலக்காரருக்கோ பதக்கம் கிடைத்ததே பெரிது. அதிலும் கால்பந்தில் மூன்றாம் இடத்துக்கு ஆட்டம் வைத்தால், வெண்கல அணி கடைசி ஆட்டத்தை ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போகிறது. இரண்டாம் இடம் தோற்றுவிட்டுப் போகிறது.

கோப்பையைத் துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள், ஷோகேஸில் வைக்க வற்புறுத்த வேண்டாம். அழுத முகத்தோடு எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். சொந்தக்காரர்கள் “ஏன் கண்ணு அழுதே?” என்று ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தால் அவளுக்கு அந்த ஆட்டம் முடியவே முடியாது.