70 வயதுக்கு மேல் சாப்பாட்டைக் குறைத்து எடை இறங்கினால் நல்லதுதானே?

"நல்லதுதானே" என்று கேட்டிருக்கும் விதத்திலேயே தெரிகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர் மெலிந்திருக்கிறார், உங்களுக்கும் அதில் சந்தோஷம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

அப்பாவுக்கு 71 வயதில் சர்க்கரை கொஞ்சம் ஏறியது. நான்தான் பிடிவாதமாக இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். கொழுப்பு என்று முட்டை, பாலையும் வெட்டினேன். எட்டு மாதத்தில் 67 கிலோ 58 ஆனது. பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். அப்புறம் ஒருநாள் கழிப்பறையில் உட்கார்ந்தவர் எழ முடியாமல் என்னைக் கூப்பிட்டார். தூக்கும்போதுதான் கவனித்தேன், தொடையில் சதையே இல்லை.

வயதில் தசை கரைவதற்கு சார்கோபீனியா என்று பெயர். 1989இல்தான் அந்தப் பெயரே வந்தது. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் கணிசமான பங்கை இழுத்துக்கொள்வது தசை. சர்க்கரைக்குப் பயந்து அதையே கரைத்திருக்கிறேன்!

வயதானவர் உடம்பு புரதத்தை லேசில் தசையாக்காது. வயதுவந்த யாருக்கும் பொதுவாகச் சொல்வது நாளுக்கு எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம். 65 தாண்டினால் 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று 2013இலேயே நிபுணர் குழு ஒன்று சொல்லிவிட்டது. அப்பாவுக்கு நான் கொடுத்தது நாளுக்கு 35 கிராம்கூடத் தேறாது. உடனே "கிட்னி என்ன ஆவது" என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு இந்தக் கணக்கு இல்லை, சரியா? அப்பாவுக்குப் பரிசோதனை செய்த பிறகுதான் கூட்டினோம். நான் டாக்டரும் இல்லை.

சாப்பாடு மட்டும் போதாது, தசைக்கு வேலையும் வேண்டும். 86 முதல் 96 வயதுக்காரர்கள் எட்டு வாரம் எடைப் பயிற்சி செய்து கால் பலத்தை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டிக்கொண்டதாக 1990இல் ஓர் ஆய்வு வந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் ஆரம்பித்தார். முதல் வாரம் இரண்டு தடவை, இப்போது பத்து. உங்கள் வீட்டிலும் பாருங்கள்: கை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்கார 15 விநாடிக்கு மேல் ஆனால் கால் பலம் குறைவு என்று அர்த்தம்.

சோதனைக்கு சோபா வேண்டாம். சோபா செய்கிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். முழங்காலுக்குக் கீழே தாழ்த்தி, ஆளை விழுங்குகிற மாதிரி பஞ்சு வைத்து, யாருக்காகச் செய்கிறார்கள்? எங்கள் வீட்டுச் சோபாவில் இப்போது யாரும் உட்காருவதில்லை. துணி மடித்துப் போடுகிறோம்.