வெளிநாட்டுக்கு ஹெயார் ட்ரையர், ஸ்ட்ரெயிட்னர் கொண்டுபோக அடப்டர் மட்டும் போதுமா?

ட்ரையர் என்றால் பெரும்பாலும் போதாது. அடப்டர் பிளக்கின் கால்களைத்தான் மாற்றும், வருகிற வோல்ட்டை மாற்றாது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு கலியாண வீட்டில் வந்த கருகல் மணத்தில் தெரிந்துகொண்டேன்.

வெள்ளவத்தையில் தம்பியின் கலியாணம். ரொறன்ரோவில் இருந்து வந்த பெரியம்மாவின் மகள், அக்கா, விடிய 5 மணிக்குத் தலை முழுகிவிட்டுத் தன்னுடைய ட்ரையரை அடப்டரில் செருகிப் போட்டார். அது ஊதவில்லை, ஊளையிட்டது. வாய்க்குள் இருந்த கம்பிச் சுருள் செக்கச்செவேல் என்று பழுத்தது, பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தது, அடுத்த கணம் வீடே இருட்டு. பட்டு வேட்டியுடன் மாப்பிள்ளைதான் டோர்ச் பிடித்துக்கொண்டு போய் ட்ரிப் சுவிட்சைத் தூக்கிவிட்டான்.

பிறகுதான் பிடியைத் திருப்பிப் பார்த்தோம்: 125 வோல்ட், 1875 வாட். அங்கே சாதாரண பிளக் 15 அம்பியர். 125ஐ 15ஆல் பெருக்கினால் வருவதுதான் அந்த 1875. இங்கே இலங்கையில் நமக்கு 230 வோல்ட். வோல்ட் இரட்டிப்பானால் சூடாகும் கம்பி இழுக்கும் வாட் இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகும். அந்த ட்ரையர் 6000 வாட்டுக்கு மேல் இழுக்கப் பார்த்திருக்கிறது. நம்முடைய 13 அம்பியர் பிளக் தாங்குவதே ஏறத்தாழ 3000 வாட்.

மறுபக்கக் கூத்தும் உண்டு. நான் கனடா போனபோது கொழும்பில் வாங்கிய 2000 வாட் ட்ரையரைக் கொண்டுபோனேன். எதுவும் எரியவில்லை. ஆனால் 120 வோல்ட்டில் அது 550 வாட்கூடத் தராது, குழந்தைக்குச் சோறு ஆற்றுவது போல ஊதியது. ஜப்பானில் 100 வோல்ட்தான், அங்கே இன்னும் மோசம்.

ஸ்ட்ரெயிட்னர் கதை வேறு. பெரும்பாலும் 50 வாட் அளவுதான், பலவற்றில் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கும். அப்படி இருந்தால் அடப்டரே போதும், எங்கும் கொண்டுபோகலாம். சிங்கப்பூர், மலேசியா, லண்டனில் வோல்ட்டும் நம்முடையதே, சதுரக் கால் 13 அம்பியர் பிளக்கும் நம்முடையதே. இந்தியா, ஐரோப்பா, அவுஸ்திரேலியாவில் வோல்ட் சரி, கால்கள்தான் வேறு. லண்டன் ஹோட்டல் குளியலறையில் இருக்கிற சின்ன சொக்கெட் சேவ் எடுக்கும் மெஷினுக்கு மட்டும், அதில் ஸ்ட்ரெயிட்னரைக் குத்தாதீர்கள்.

வோல்ட்டையே மாற்றும் ட்ரான்ஸ்போமர் வாங்கலாமே என்று கேட்பீர்கள். புறக்கோட்டையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள், சரி. ஆனால் 2000 வாட்டுக்கு ஈடுகொடுக்கும் ஒன்றைத் தூக்கிப் பாருங்கள், சூட்கேஸில் சேலைக்கு இடமிருக்காது. போகிற இடத்தில் ட்ரையர் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்பதுதான் மலிவு. கட்டாயம் வேண்டுமென்றால் 125, 250 என்று காசால் திருப்பும் சுவிட்ச் வைத்த பயண ட்ரையர் வாங்குங்கள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்தச் சுவிட்சை 250க்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் அக்காவின் கதைதான்.

அப்புறம், இரண்டு கால் பிளக்கோடு வருகிற விருந்தாளிக்கு நாம் வழக்கமாகச் செய்யும் வேலை: சொக்கெட்டின் மேல் ஓட்டைக்குள் பேனாவை விட்டுத் திறந்து செருகிக் கொடுப்பது. போன் சார்ஜருக்கே சரியில்லாத பழக்கம் அது. ட்ரையருக்கு வேண்டவே வேண்டாம். கால்கள் இறுக்கமாகப் பிடிக்காது, 2000 வாட் ஓடும்போது தலைமுடிக்கு முன் பிளக்தான் சூடேறும்.