34 லட்சம் ஒரே ஃபிக்ஸட்ல கிடக்குது, 2022 மாதிரி திரும்ப வந்தா என்ன செய்யிறது?

கேள்வி: நான் வவுனியாவில இருக்கிற ஓய்வுபெற்ற ரீச்சர், வயசு 63, மனுசன் இல்லை. பென்சன் வருது. 34 லட்சம் ஒரே பாங்கில ஒரே ஃபிக்ஸட்டா 2 வருசத்துக்குப் போட்டுக் கிடக்குது, 12 பவுண் நகை இருக்கு, குடியிருக்கிற வீடு சொந்தம். மகள் கனடாவில, மாசம் கொஞ்சம் அனுப்புவா. மகன் கொழும்பில கொம்பனி வேலை. 2022ல பட்ட பாடு இன்னும் நெஞ்சுக்குள்ள கிடக்குது. திரும்ப அப்பிடி ஒண்டு வந்தா இந்தக் காசு என்ன ஆகும்? எல்லாத்தையும் எடுத்து பவுணோ காணியோ வாங்கவோ? சொந்தக்காரப் பெடியன் ஒருத்தன் மாசம் 4 வீதம் தாறன் எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறான். அந்த நேரம் உண்மையில என்னதான் நடந்தது எண்டும் ஒருக்கா சொல்லுங்கோ, ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லீனம்.

பதில்: ரீச்சர், முதல்ல அந்தப் பெடியனுக்கு இண்டைக்கே இல்லை எண்டு சொல்லிவிடுங்கோ. மாசம் 4 எண்டா வருசத்துக்கு 48 வீதம், எந்த யாவாரம் செய்து அவன் உங்களுக்கு 48 தந்து தனக்கும் மிச்சம் பிடிக்கப்போறான்? சொந்தக்காரன் எண்டபடியா சொல்லக் கூச்சமா இருந்தா, மகள்தான் காசைப் பாக்கிறா எண்டு பழியை கனடாவுக்கு அனுப்பிவிடுங்கோ, அவ கோவிக்கமாட்டா.

இனி உங்கட கடைசிக் கேள்விக்கு வாறன், அது விளங்கினாத்தான் மிச்சம் விளங்கும். சீனாக்காரன்ர கடன் எண்டு ஒருத்தர் சொல்லுவார், கொரோனா எண்டு ஒருத்தர், கள்ளர் அடிச்சுக்கொண்டு போட்டாங்கள் எண்டு இன்னொருத்தர், எல்லாத்திலயும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா நடந்ததை ஒரு வரியில சொல்லுறதெண்டா நாட்டில ரூபாய் முடியேல்லை, டொலர்தான் முடிஞ்சது. ரூபாயை மத்திய வங்கி அடிக்கலாம், அடிச்சதும்தான். டொலரை அடிக்கேலாதே. எரிபொருள், காஸ், பால்மா, மருந்து எல்லாம் டொலருக்குத்தான் வருது.

2019 முடியேக்க நாட்டின்ர கையிருப்பு 760 கோடி டொலர் அளவில இருந்தது. அந்த வருசம் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்போட சுற்றுலாக்காரர் வரவு விழுந்துபோச்சு. வருச முடிவில புது ஜனாதிபதி கோட்டாபய வந்த கையோட வரியை வெட்டினவை, வற் வரி 15ல இருந்து 8க்கு வந்தது, நாங்கள் எல்லாரும் சந்தோசப்பட்டம், நானும்தான். அரசாங்கத்துக்கு வருமானம் குறைய, நாடு கடனைத் திருப்பிக் கட்டுமோ எண்டு பாத்து மார்க் போடுற ரேட்டிங் கொம்பனிகள் எங்கட தரத்தை இறக்கினவை, தரம் இறங்க வெளிநாட்டுச் சந்தையில புதுக்கடன் எடுக்கேலாமப் போச்சு, ஆனா பழைய கடன்ர தவணை நிக்குமோ? அது வருசா வருசம் வந்துகொண்டே இருந்தது. சீனக் கடனை எல்லாரும் கதைக்கீனம், உண்மையில பெரிய பங்கு, வெளிநாட்டுச் சந்தையில பொண்ட் எண்ட கடன் பத்திரம் வித்து எடுத்த கடன், 1250 கோடி டொலருக்கு மேல. அதுக்குள்ள 2020ல கொரோனா வந்து விமான நிலையத்தையும் பூட்டினது.

அப்பவே ஐஎம்எஃப் எண்ட சர்வதேச நாணய நிதியத்திட்டப் போயிருக்கோணும், கடன்காரரைக் கூப்பிட்டு இருத்திக் கதைச்சிருக்கோணும். அதை விட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு மருந்து எடுக்கக் காசில்லாத நேரத்தில, 2022 தை மாசம் 50 கோடி டொலர் பொண்டை முழுசாக் கட்டினவை. என்னைக் கேட்டா முழுக் கதையிலயும் பெரிய பிழை அதுதான்.

இன்னொண்டு இருக்கு, அதில எங்கட சனத்துக்கும் பங்கு உண்டு. 2021 புரட்டாதியில இருந்து டொலரை 200, 203 ரூபாயில பிடிச்சு வைச்சிருந்தவை. வெளியில உண்டியல்காரன், அதுதான் பாங்குக்கு வெளியால காசு மாத்திக் குடுக்கிறவன், அதைவிடக் கூடத் தந்தான். ஆர் பாங்கால அனுப்புவினம்? 2020ல வெளிநாட்டில இருந்து பாங்க் வழியா 710 கோடி டொலர் வந்தது, 2021ல 550 கோடி, 2022ல 380 கோடி. அனுப்பிறவை அனுப்பினவைதான், கனடாவில குடுத்த டொலர் அங்கயே நிண்டிட்டுது, இங்க ரூபாய் மட்டும் கைமாறினது. ஆரையும் குறை சொல்லேலாது, ஒரு டொலருக்கு நாப்பது அம்பது ரூபா கூட எண்டா நானும் அதைத்தான் செய்திருப்பன்.

உரத்தடையைப் பற்றி வவுனியா ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2021 சித்திரையில ஒரே இரவில எண்ட மாதிரி ரசாயன உரத்தை நிப்பாட்டி கார்த்திகையில திருப்பி எடுத்தவை, அதுக்குள்ள பெரும்போகம் போச்சுது, அரிசியையும் டொலர் குடுத்து இறக்கிற நிலைமை வந்தது.

2022 பங்குனி 7ம் திகதி ரூபாயைப் பிடிச்ச கையை விட்டினம், வைகாசிக்குள்ள டொலர் 360 ஆச்சுது. சித்திரை 12ம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டேலாது எண்டு சொன்னவை, சுதந்திரத்துக்குப் பிறகு அதுதான் முதல் தரம். 13 மணித்தியாலக் கரண்ட் கட், 1500 ரூபாய்க்குள்ள நிண்ட காஸ் சிலிண்டர் 4860, பேப்பர் இல்லாம மேல் மாகாணத்தில பள்ளிக்கூடச் சோதினை நிண்டது, மன்னார்ப் பக்கத்தால சனம் திரும்பவும் படகேறி தனுஷ்கோடிக்குப் போனது, தமிழ்நாட்டு அரிசி கப்பல்ல வந்தது. நீங்கள் லைன்ல நிண்டு பாத்தனீங்கள், நான் ஏன் திரும்பச் சொல்லுவான். புரட்டாதியில விலைவாசி வருசத்துக்கு 69.8 வீதம், சாப்பாட்டுச் சாமான் மட்டும் எண்டா 94.9 வீதம் ஏறியிருந்தது. அந்த வருசம் பொருளாதாரம் 7 வீதத்துக்கு மேல சுருங்கினது, வேலைக்கெண்டு மட்டும் 3 லட்சம் பேருக்கு மேல நாட்டை விட்டுப் போனவை. உலக வங்கிக் கணக்கில 100 பேரில 13 பேரா இருந்த ஏழையள் ஒரே வருசத்தில 25 பேர்.

இப்ப உங்கட காசுக்கு வருவம். அந்த நேரம் சனத்தின்ர ஃபிக்ஸட்டை பாங்க் விழுங்கேல்லை. 2023 ஆனிக் கடைசியில உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்கிறம் எண்டு அஞ்சு நாள் பாங்கைத் தொடர்ந்து பூட்டேக்க எல்லாருக்கும் வயிறு கலங்கினது, ஆனா வைப்பில இருந்த காசில கை வைக்கேல்லை. அடி விழுந்தது ஈபிஎஃப் எண்ட ஊழியர் சேமலாப நிதிக்கு. அது வைச்சிருந்த அரசாங்கப் பொண்டுகளை மாத்தி, 2025 மட்டும் 12 வீதம், பிறகு 9 வீதம் எண்டு குடுத்தவை. மகன் கொம்பனி வேலை எண்டபடியா அவரின்ர ஈபிஎஃப்பும் அதுக்குள்ளதான், வயசுக்கு அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் எண்டு சொல்லிவையுங்கோ.

அப்ப ஃபிக்ஸட் வைச்சிருந்தவை தப்பீட்டினமோ? இல்லை. நம்பர் அப்பிடியே இருந்தது, பெறுமதி போச்சுது. 2021 தையில 10 லட்சத்தை 6 வீதத்துக்கு ரெண்டு வருசம் போட்டவைக்கு 2023 தையில 11 லட்சத்துச் சொச்சம் வந்திருக்கும், அந்த ரெண்டு வருசத்தில சாமான் விலை 70 வீதத்துக்கு மேல ஏறினது. கணக்குப் பாத்தா பழைய விலைக்கு கையில ஆறரை லட்சம் மாதிரித்தான் மிச்சம்.

இதில நான் பட்டதையும் சொல்லோணும், மற்றவைக்குப் புத்தி சொல்லுற ஆள் எண்டு வெக்கமாத்தான் இருக்கு. அம்மாட 10 லட்சத்தை 2021 கார்த்திகையில 7 வீதத்துக்கு ரெண்டு வருசம் நான்தான் போட்டுவிட்டனான். அடுத்த சித்திரையில மத்திய வங்கி வட்டியை ஒரே நாளில 7 புள்ளி ஏத்தினது, கொஞ்ச மாசத்தில புது ஃபிக்ஸட்டுக்கு 20க்கு மேல குடுக்கத் தொடங்கினவை, திறைசேரி உண்டியல், அதாவது அரசாங்கம் எங்களிட்டக் குறுகிய காலத்துக்குக் கடன் எடுக்கிற பத்திரம் (காசு மாத்திற உண்டியல் வேற!), அதின்ர வட்டி 30ஐத் தாண்டினது. அம்மா உடைக்கமாட்டன் எண்டு நிண்டா, உடைச்சா வட்டி போயிடுமாம். போறது எவ்வளவு, அஞ்சு மாச வட்டி முப்பதினாயிரத்துக்குள்ள, அதை விட்டிட்டு 22க்கு மாத்தினா ஒரு வருசத்தில ரெண்டு லட்சத்து இருபதினாயிரம். இதை விளங்கப்படுத்தி அவவைச் சம்மதிக்க வைக்க ஆவணி ஆகீட்டுது, அதுக்குள்ள நாலு மாசம் சும்மா போச்சுது. அந்த நேரம் கூட நட்டப்பட்டவை இப்பிடி நீளத்துக்குப் பூட்டிப்போட்டு, உடைக்கவும் பயந்து இருந்தவைதான்.

ஆனபடியா உங்கட விசயத்தில எனக்குப் பயம் தாறது 34 லட்சம் இல்லை, ஒரே பாங்க், ஒரே திகதி, ரெண்டு வருசம் எண்டதுதான். இப்ப ஃபிக்ஸட்டை உடைக்க வேண்டாம், முடியிற நேரம் பிரியுங்கோ. ஆறு மாதச் செலவுக்கு உள்ளதை சேமிப்பிலயும் 3 மாச ஃபிக்ஸட்டிலயும் வையுங்கோ. மிச்சத்தை மூண்டு பாங்குக்குப் பிரிச்சு ஒண்டு 6 மாதம், ஒண்டு 12, ஒண்டு 24 எண்டு போடுங்கோ. வட்டி கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை, ரேட் ஏறினா எப்பவும் ஒரு துண்டு சில மாசத்துக்குள்ள கைக்கு வரும், இறங்கினாலும் ஒரு துண்டு பழைய ரேட்டில நிக்கும். மூண்டு பாங்க் எண்டதுக்கு இன்னொரு காரணம், வைப்புக் காப்புறுதி ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனத்தில 11 லட்சம் மட்டும்தான். ஒரே பாங்கில 34 எண்டா 23 லட்சம் வெளியில நிக்குது. பாங்க் விழும் எண்டு நான் சொல்லேல்லை, சும்மா கிடைக்கிற குடையை ஏன் விடுவான்.

திறைசேரி உண்டியலும் பாருங்கோ, 91, 182, 364 நாள் எண்டு இருக்கு, பாங்கிலயே கேக்கலாம். மறுசீரமைப்பில சனத்தின்ர கையில இருந்த திறைசேரி உண்டியலைத் தொடேல்லை, மத்திய வங்கி வைச்சிருந்ததைத்தான் மாத்தினவை. இனியும் தொடமாட்டினம் எண்டு நான் கையெழுத்து வைச்சுத் தரேலாது, அதால ஒரு துண்டை மட்டும் போடுங்கோ.

பவுண் 12 இருக்கு, காணும். 2022ல பவுண் ஏறினது உண்மை, டொலர் ஏற அதுவும் ஏறும், ஆனா நகையா வாங்கினா செய்கூலி சேதாரம் எண்டு வாங்கின அண்டே ஒரு பங்கு போகுது, விக்கப் போனா அதைத் திருப்பித் தரமாட்டான். காணி வேண்டவே வேண்டாம், 63 வயசில திடீரெண்டு வருத்தம் எண்டா அரைப் பரப்பை வெட்டி ஆஸ்பத்திரியில குடுக்கேலாது. அதோட அந்தக் காலத்தில காணி விலை சொல்ல ஆக்கள் இருந்தினம், காசோட வாங்க வந்தவை குறைவு.

மகளின்ர காசுதான் உங்கட உண்மையான பாதுகாப்பு. பாங்கில தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒண்டு திறக்கச் சொல்லிக் கேளுங்கோ, அவ அனுப்பிறதில மூண்டு மாசத்துக்கு ஒருக்கா வாறதை ரூபாயா மாத்தாம டொலரா அதுக்குள்ள விடட்டும். வட்டி பெரிசா இல்லை, ஆனா ரூபாய் விழேக்க அது கூட விழாது. பென்சன் முழுக்க ரூபாயில, ஃபிக்ஸட் முழுக்க ரூபாயில, ரூபாயைச் சாராத ஒண்டு வேணும் உங்களுக்கு. உண்டியல் மட்டும் வேண்டாம் எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ, இப்ப ரேட்டில பெரிய வித்தியாசமும் இல்லை.

இப்ப எழும்பி அலுமாரியைத் திறந்து அந்த ஃபிக்ஸட் பேப்பரை எடுத்துப் பாருங்கோ. முடிவுத் திகதிக்குக் கீழ, தானாப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு கட்டத்தில சரி போட்டிருப்பீங்கள், முக்கால்வாசிப் பேர் பாங்க் பெட்டை காட்டின இடத்தில கையெழுத்து வைச்சிட்டு வாறவைதான். அது இருந்தா நீங்கள் பேசாம இருக்க இன்னும் ரெண்டு வருசத்துக்கு அதுவாப் பூட்டிக்கொள்ளும். முடியிறதுக்கு ஒரு கிழமைக்கு முதலே போய், புதுப்பிக்க வேண்டாம், சேமிப்புக் கணக்கில போடுங்கோ எண்டு எழுத்தில குடுத்து, கொப்பியில சீல் அடிச்சு வாங்கிக்கொண்டு வாங்கோ.