கடைசி பஸ் வராவிட்டால் யாரைக் கேட்பது? (நுகர்வோர் கேள்வி-பதில்)

ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பஸ்ஸைப் பற்றியவை. ரேஷன் கடையில் எடை குறைந்தால் அங்கேயே நின்று கேட்கிற நாம், பஸ் வராமல் போனால் முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். டிக்கெட் எடுப்பவரும் நுகர்வோர்தான். அவர் வாங்குவது குறித்த நேரத்தில் ஊர் போய்ச் சேருவதை. அந்த நேரத்துக்குக் கணக்குக் கேட்கும் வழிதான் இந்த வாரப் பதில்களில் அதிகம்.

கேள்வி: தொண்டிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் மீனவக் கிராமம் எங்களுடையது. இரவு கடைசி நடை வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஊருக்குள் வருவதே இல்லை. முக்கிலேயே இறக்கிவிடுகிறார்கள். பெண்கள் இருட்டில் நடந்து வருகிறார்கள். கூடுதல் பஸ் கேட்டு மனுக் கொடுத்துப் பார்த்தோம், பலன் இல்லை.

பதில்: கூடுதல் பஸ் கேட்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் ஊருக்கென்று ஏற்கெனவே ஒதுக்கிய நடை ஓடவில்லை, முதலில் அதைக் கேளுங்கள். புதிய பஸ் என்றால் வண்டி, ஓட்டுநர், நடத்துநர், மேலிட அனுமதி எல்லாம் வேண்டும். ஒதுக்கிய நடை ஏன் ஓடவில்லை என்பதற்குக் கிளை மேலாளர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நம் கரையின் அமைப்பும் இதற்கு ஒரு காரணம். தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று ஈ.சி.ஆர். ஊர்களுக்கு எப்படியும் ஒரு பஸ் கிடைத்துவிடும். கடலை ஒட்டிய குடியிருப்புகள் அந்தச் சாலையிலிருந்து பிரியும் சின்னச் சாலைகளின் முனையில் கிடக்கின்றன. பஸ் தாமதமாகிவிட்டால் நேரத்தை ஈடுகட்ட முதலில் கை வைப்பது அந்த உள்சாலையில்தான். வண்டி அன்றைக்கு ஓடியிருக்கும், உங்கள் ஊருக்கு மட்டும் வந்திருக்காது. அதனால்தான் ‘பஸ் சரியாக வருவதில்லை’ என்று பொதுவாக எழுதும் மனு எடுபடுவதில்லை.

ஊர் டீக்கடையில் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, வர வேண்டிய நேரம், வந்த நேரம், வண்டி எண், ஊருக்குள் வந்ததா முக்கோடு திரும்பியதா, எத்தனை பேர் நடந்து வந்தார்கள் என்று ஒரு வரி. கடைசி பஸ்ஸில் வருகிறவர்களில் யாராவது ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். ஒரு மாதம் விடாமல் எழுதுங்கள். முக்கில் இறக்கிவிட்ட நாளில் டிக்கெட்டைத் தூக்கி எறியாமல் அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். எந்த ஊர் வரைக்கும் டிக்கெட் கொடுத்தார்கள் என்பது அதிலேயே இருக்கும். உங்கள் ஊர் வரை காசு வாங்கிவிட்டு முக்கில் இறக்கிவிட்டால் அது சேவைக் குறைபாடு.

எந்த மாதத்தில் எழுதுகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது பஸ்ஸில் கூட்டம் குறைவாக இருக்கும், அந்தக் கணக்கே உங்களுக்கு எதிராகத் திரும்பும். தடை முடிந்த பிறகு தொடங்குங்கள்.

அப்புறம் தகவல் உரிமைச் சட்டம். போக்குவரத்துக் கழகத்தின் காரைக்குடி மண்டலப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு அனுப்புங்கள். இந்தத் தடத்தில் எங்கள் ஊருக்கு ஒதுக்கிய நடைகள் எவை, அவற்றின் நேரம் என்ன, குறிப்பிட்ட மாதத்தில் ரத்தான நடைகள் எந்தெந்தத் தேதியில், ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன? இவ்வளவு கேட்டால் போதும். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். வந்த பதிலை டீக்கடை நோட்டோடு ஒப்பிடுங்கள். பஸ் வராத தேதி அவர்கள் பதிவில் ‘ஓடியது’ என்று இருந்தால், உங்கள் கையில் இருப்பது வெறும் குறை இல்லை, ஆதாரம். இரண்டின் நகலையும் வைத்துத் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்து மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அன்றாடப் புகாரை 1800 599 1500 என்ற அரசுப் பேருந்துக் கட்டணமில்லா எண்ணில் அன்றன்றே பதியுங்கள். முதல்வரின் முகவரி எண் 1100 இருக்கிறது. எதில் சொன்னாலும் புகார் எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, பலரும் கேட்கத் தயங்குவது: நேரத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் மறுநாள் கரை திரும்பும். ஏலம் முடிந்து மீன் வாங்கிய பெண்கள் ரோட்டுக்கு வரும்போது பஸ் போய்விட்டிருந்தால், அந்த நடையால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. உங்கள் பக்கம் மீன் என்றைக்குக் கூடுதலாக இறங்கும், பள்ளி எத்தனை மணிக்கு விடும் என்பது உங்களுக்குத்தான் தெரியும், டெப்போவில் இருப்பவருக்குத் தெரியாது. இருபது நிமிடம் தள்ளி ஓட்டக் கழகத்துக்குப் பெரிய செலவு கிடையாது. காரணத்தோடு எழுதிக் கேட்டால் புதிய பஸ்ஸைவிட இது கிடைக்க வாய்ப்பு அதிகம். ஊருக்குக் கிடைக்கும் லாபமும் குறைவில்லை.

கேள்வி: மீன் விற்கப் போகும்போது கூடையோடு ஏற விடமாட்டேன் என்கிறார்கள். ஏறினால் ‘நாறுது’ என்று பின்னால் தள்ளுகிறார்கள். எங்களுக்கு உரிமை இல்லையா? (மண்டபம் பக்கத்து வாசகி)

பதில்: இருக்கிறது, அம்மா. 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவரை நாற்றம் என்று சொல்லி அரசுப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்த வீடியோ தமிழ்நாடு முழுக்கப் பரவி, முதலமைச்சரே கண்டித்தார், பணியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். தொழிலைக் காரணம் காட்டி ஒருவரை இறக்கிவிட நடத்துநருக்கு அதிகாரம் இல்லை.

கூடைக்குச் சுமைக் கட்டணம் கேட்டால் கொடுங்கள், ஆனால் அதற்கும் டிக்கெட் வாங்குங்கள். டிக்கெட் இல்லாமல் கையில் வாங்கும் பணம் கட்டணத்தில் சேராது. ஐஸ் தண்ணீர் ஒழுகி அடுத்தவர் சேலையில் படுவதுதான் பல சண்டைகளின் தொடக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். திறந்த அலுமினிய அன்னக்கூடைக்குப் பதிலாக இறுக்கமான மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா வைத்துக்கொண்டால் அந்த வாக்குவாதமே எழாது. மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் அடையாள அட்டையை எப்போதும் கையில் வைத்திருங்கள். குழுவில் செய்த கருவாடு, கருப்பட்டி, ஓலைப் பெட்டி போன்றவற்றை 25 கிலோ வரை, 100 கிலோமீட்டர் தூரத்துக்குச் சுமைக் கட்டணம் இல்லாமல் அரசுப் பஸ்ஸில் கொண்டுபோகச் சலுகை இருக்கிறது.

இலவசப் பயணம் என்பதால் டிக்கெட் வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். விடியல் பயணத்தில் தரும் கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தடத்தில் எத்தனை பெண்கள் ஏறுகிறார்கள் என்பதற்கு அதுதான் கணக்கு. நாளைக்கு ‘ஆளில்லை’ என்று நடையைக் குறைக்க வந்தால் உங்களுக்காகப் பேசப்போவதும் அந்தச் சீட்டுதான்.

கேள்வி: ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒரு பஸ்ஸில் ஒரு கட்டணம், அடுத்த பஸ்ஸில் பத்து ரூபாய் கூட. இரண்டும் எல்லா ஊரிலும் நிற்கின்றன. சில்லறையும் தருவதில்லை.

பதில்: 2018 ஜனவரியில் கட்டணத்தை உயர்த்தி, அதே மாதக் கடைசியில் கொஞ்சம் குறைத்தார்கள். அதன்படி வெளியூர்ச் சாதாரணப் பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு, எக்ஸ்பிரஸுக்கு 75 காசு. ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தூரத்துக்குச் சாதாரணத்தில் 32 ரூபாய், எக்ஸ்பிரஸில் 41 ரூபாய் என்று வரும். ஸ்டேஜ் கணக்கு, சுங்கக் கட்டணம் போன்றவை சேர்ந்து கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆகவே கூடுதல் கட்டணம் தவறில்லை. எக்ஸ்பிரஸ் கட்டணம் வாங்கிக்கொண்டு ஊருக்கு ஊர் நின்று போவதுதான் தவறு. குறைவான நிறுத்தம், குறைவான நேரம் என்பதற்காகத்தான் அந்தப் பதினேழு காசு கூடுதல். டிக்கெட்டில் உள்ள நேரம், நீங்கள் இறங்கிய நேரம், இடையில் நின்ற ஊர்கள் மூன்றையும் எழுதிப் புகார் செய்யுங்கள். ஏறும்போதே முன்கண்ணாடியில் இருக்கும் பலகையைப் பார்த்துவிடுவதும் நல்லது.

சில்லறை விஷயம்: டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுப்பது பழைய வழக்கம். இறங்கும் அவசரத்தில் மறந்து போவது பயணிதான். புதிய டிக்கெட் இயந்திரங்களில் யு.பி.ஐ. மூலம் கட்டலாம், இருக்கிறதா என்று கேளுங்கள். டிக்கெட்டே தராமல் காசு வாங்கினால் அது மோட்டார் வாகனச் சட்டம் 178ஆவது பிரிவின்படி நடத்துநரின் குற்றம். டிக்கெட் இல்லாமல் போகும் பயணிக்கு அபராதம் விதிப்பதும் இதே பிரிவுதான்.

கேள்வி: உச்சிப்புளியிலிருந்து தினமும் ராமநாதபுரம் வேலைக்குப் போகிறேன். ரயில் சீசன் டிக்கெட் லாபமா?

பதில்: உங்கள் வேலை நேரத்துக்கு ரயில் ஒத்துவந்தால் லாபம். மூன்று மாதச் சீசன், ஒரு மாதக் கட்டணத்தைப் போல் 2.7 மடங்குதான். மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம். 150 கிலோமீட்டர் வரைதான் சீசன் தருவார்கள் என்பதால் ராமநாதபுரம்–மதுரைக்குக் கிடைக்கும், ராமேஸ்வரம்–மதுரைக்குக் கிடைக்காது. முன்பதிவுப் பெட்டியில் ஏறக் கூடாது.

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றபோது ரயில்கள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் முடிந்தன. 2025 ஏப்ரல் 6இல் புதிய பாலம் திறந்த பிறகு மறுபடியும் ராமேஸ்வரம் வரை போய் வருகின்றன. காற்று பலமாக அடித்தால் ரயிலைப் பாலத்தில் விடாமல் நிறுத்திவைப்பார்கள். நீங்கள் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் வண்டி அங்கிருந்துதான் வர வேண்டும். அதனால் மூன்று மாதம் எடுக்கும் முன் ஒரு மாதம் எடுத்துப் பாருங்கள். ஸ்டேஷனிலிருந்து வேலை இடத்துக்கு ஆகும் ஆட்டோக் காசையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: பஸ் விஷயத்துக்கு நுகர்வோர் நீதிமன்றம் போக முடியுமா? நான் இலவசமாகப் போகும் பெண். எனக்கும் பொருந்துமா?

பதில்: போகலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் ‘சேவை’ என்பதில் போக்குவரத்தும் அடங்கும். ராமநாதபுரத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஒரே குறை பலருக்கு இருந்தால் ஆணையத்தின் அனுமதியோடு எல்லோருக்குமாக ஒருவரே போடலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து பாருங்கள், சில விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

இலவசப் பயணிக்கு: கட்டணம் கொடுப்பவர்களும் கொடுக்காதவர்களும் சேர்ந்து பயன்படுத்தும் சேவையில், கொடுக்காதவரும் நுகர்வோரே என்று மருத்துவமனைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. உங்கள் பயணத்துக்கான தொகையை அரசு கழகத்துக்குக் கொடுக்கிறது. இந்த இரண்டையும் வைத்து உறுதியாக வாதிடலாம். ஆனால் பஸ் கால் மணி நேரம் தாமதம் என்பதற்கெல்லாம் வழக்குப் போட வேண்டாம், நிற்காது. நிறுத்தத்தில் கை காட்டியும் நிற்காமல் போனது, டிக்கெட் கொடுத்த ஊருக்கு முன்பே இறக்கிவிட்டது, கூடுதல் பணம் வாங்கியது, அவமானப்படுத்தியது போன்றவற்றுக்குப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊருக்கு மினி பஸ் வர யாரிடம் கேட்க வேண்டும்?

பதில்: அனுமதி தருவது மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட வட்டாரப் போக்குவரத்து ஆணையம். 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தில் தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம், அதில் பெரும்பகுதி பஸ் வசதியே இல்லாத சாலையாக இருக்க வேண்டும். ஈ.சி.ஆரிலிருந்து உள்ளே இருக்கும் ஊர்களுக்கு இது பொருந்தும். ஒரே ஊருக்கென்று கேட்காமல் பக்கத்து மூன்று நான்கு ஊர்களைச் சேர்த்துத் தடத்தை வரைந்து கொடுங்கள், அப்போதுதான் வண்டி விட ஆள் வருவார்கள். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டு, அதன் நகலை வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும் ஆட்சியருக்கும் ஒப்புகை கேட்டு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள்.